ஒற்றை லாரிக்கு நல்ல வாடகை கிடைக்குமா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி முதலாளி ஆவதற்குப் பெரிய பரம்பரைச் சொத்து வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்த அனுபவம், கொஞ்சம் கைக்காசு, வீட்டுக்காரம்மாவின் நகை, கையெழுத்துப் போட ஒரு ஜாமீன்தாரர் இருந்தால் மிச்சத்தை ஃபைனான்ஸ்காரர் பார்த்துக்கொள்வார். சென்னையில் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸும், 1979-இல் தொடங்கிப் பழைய வண்டிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்த ஸ்ரீராமும் இப்படி எத்தனையோ டிரைவர்களை ஓனர்களாக்கியிருக்கின்றன. இன்றைக்கும் இந்தியச் சாலைகளில் ஓடும் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்து வண்டிக்கு மேல் இல்லாதவர்களுடையதுதான்.

வண்டி வாங்கியாயிற்று. மாதம் பிறந்தால் டியூ கட்டும் அளவுக்கு வாடகை வருமா என்பதுதான் பிரச்சினை. புதிதாக வண்டி வாங்கியவருக்கு ஸ்டாண்டில் இரண்டு விதமான புத்தி சொல்வார்கள். “வாடகையை மார்க்கெட்தான் முடிவு பண்ணும், நீ எவ்வளவு நல்லவனா இருந்தாலும் ஒரு ரூபா கூட வராது” என்பது ஒன்று. “பார்ட்டிகிட்ட பேரெடு, வாடகை தானா கூடும்” என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் அனுபவஸ்தர்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. நல்ல சேவைக்குப் பலன் உண்டு. ஆனால் அது முதல் வருடத்தில் வாடகை ரூபாயாக வருவதில்லை, நாள்களாக வருகிறது. ஹால்டிங் (ஏற்றவும் இறக்கவும் வண்டி காத்து நிற்பது) குறைகிறது, பாக்கி சீக்கிரம் வருகிறது, ரிட்டர்ன் லோடு காத்திருக்காமல் கிடைக்கிறது. இந்த நாள்களைக் காசாக எண்ணத் தெரியாதவர்தான் “சேவையால் பிரயோஜனம் இல்லை” என்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாடகை எங்கே முடிவாகிறது

ஒரு தொழிற்சாலை தன் சரக்கை அனுப்பப் பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றோடு வருட ஒப்பந்தம் போட்டிருக்கும். அந்தக் கம்பெனிக்குச் சொந்த வண்டி போதாத நாளில் புக்கிங் ஆபீஸுக்குப் போன் போகும். புக்கிங் ஆபீஸ் புரோக்கரைக் கேட்கும். புரோக்கர், ஸ்டாண்டில் காலியாக நிற்கிற வண்டிக்காரரைக் கேட்பார். ஒவ்வொரு படியிலும் கமிஷன் கழிந்து, கடைசியில் ஸ்டாண்டுக்கு வரும் தொகைதான் நம் ஆளுக்கு வாடகை. தொழிற்சாலை கொடுத்தது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. சரக்கை ஏற்றிப் போனது யார் என்று தொழிற்சாலைக்கும் தெரியாது. கேட் பதிவேட்டில் வண்டி நம்பர் இருக்கும், டிரைவர் லைசென்ஸ் நகல் இருக்கும், அவ்வளவுதான்.

பொருளியலில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை. எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குகிறவனுக்குப் பிரித்தறிய முடியாவிட்டால், அவன் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பான் என்றார் அவர். நல்ல வண்டி வைத்திருப்பவனுக்கு அந்த விலை கட்டாது. அவன் சந்தையை விட்டே போவான். புரோக்கர் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் லாரிக்காரரின் நிலைமையும் இதுவே. தார்ப்பாய் நனையாமல் கட்டுகிறவருக்கும், பாதி வழியில் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவருக்கும் அன்றைக்கு ஒரே வாடகை.

இதற்குமேல் ஊர் உலகத்துக் காரணங்கள் வேறு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் வண்டிக்குத் தட்டுப்பாடு வரும், வாடகை ஏறும். மழைக்காலத்தில் கட்டுமானச் சரக்கு குறையும், இறங்கும். அரசாங்கத்தின் ஒரு கையெழுத்து போதும்: 2018 ஜூலையில் அச்சுப் பளு வரம்பை மத்திய அரசு உயர்த்தியது. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. ஒரு புது லாரிகூடச் சாலைக்கு வராமலே நாட்டின் சுமை தாங்கும் திறன் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடிப்போனது. சரக்கு அதே அளவில் இருந்ததால் வாடகை சரிந்தது. அந்த வருடம் வண்டி எடுத்தவர்கள் எவ்வளவு பணிவாகப் போன் பேசியிருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாது. “மார்க்கெட்தான் முடிவு பண்ணும்” என்பவர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

யாருக்குச் செய்கிற சேவை

லாரித் தொழிலில் ஒரு லோடுக்கு மூன்று வாடிக்கையாளர்கள். மூவருக்கும் வேண்டியது வேறு வேறு.

புரோக்கருக்கு வேண்டியது, அவர் வாக்குக் கொடுத்த நேரத்தில் வண்டி கேட்டில் நிற்பது. லோடு ஒத்துக்கொண்டபின் பக்கத்து ஆபீஸில் ஐந்நூறு கூடக் கொடுக்கிறார்கள் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போகாதவர் என்ற நம்பிக்கை. இதைக் காப்பாற்றினாலே அடுத்த லோடுக்கு முதல் போன் நமக்கு வரும். சரக்கு வாங்குகிறவருக்கு மூட்டை எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், ஈரம் படக் கூடாது, இறக்கும் இடத்தில் தகராறு கூடாது.

நடுவில் இருக்கிறார் அனுப்புகிற கம்பெனியின் டிஸ்பேட்ச் கிளார்க். புது ஓனர்கள் கவனிக்கத் தவறுகிற ஆள் இவர். வாடகையை இவர் தீர்மானிப்பதில்லை. ஆனால் காலை ஒன்பதரை மணிக்கு மேனேஜர் “அந்த பிவண்டி வண்டி எங்கய்யா?” என்று கேட்கும்போது முழிப்பவர் இவர்தான். இவருடைய பயம் அந்தக் கேள்வி. அதற்கு அவரிடம் பதில் இருக்கும்படி செய்கிறவரை அவர் மறப்பதில்லை.

செய்தி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி, மும்பை பக்கத்துப் பிவண்டிக்குப் போகும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில்: “வணக்கம் சார். வண்டி நேத்து ராத்திரி சித்ரதுர்கா தாண்டி நின்னுது. இன்னைக்குச் சாயந்திரம் பெல்காம். லோடு, தார்ப்பாய் சரியா இருக்கு.” அதோடு தார்ப்பாய் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ. அவர் கேட்பதற்கு முன்னால் போக வேண்டும் என்பதுதான் இதில் விஷயம். டயர் வெடித்தாலோ, புனே பைபாஸில் நெரிசலில் மாட்டினாலோ அதையும் அப்படியே சொல்ல வேண்டும். “இதோ வந்துட்டே இருக்கு சார்” என்கிற பதில்தான் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கிளார்க் அந்தப் பக்கம் இறக்கும் ஆளுக்குச் சொல்லி வைக்கலாம். தெரியாவிட்டால் அவரும் பொய் சொல்லத்தான் வேண்டியிருக்கும்.

தார்ப்பாய், பில், ரசீது

சேவை என்று பொதுவாகப் பேசினால் அது சிரித்த முகம் என்று ஆகிவிடுகிறது. லாரியில் சேவை என்பது பலகையிலும் கயிற்றிலும் இருக்கிறது. ஜவ்வரிசி மூட்டை ஏற்றுமுன் பாடியைக் கூட்ட வேண்டும். முந்தின லோடு உரமோ கெமிக்கலோ என்றால் கழுவிக் காயவைக்க வேண்டும். பலகையில் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். ஒரு ஆணி ஒரு மூட்டையைக் கிழித்தால், அந்த ஒரு மூட்டைக்கான கழிவு பாக்கிப் பணத்தில் பிடிக்கப்படும். தார்ப்பாயில் பின்பக்கத்ததை முதலில் போட்டு, முன்பக்கத்தது அதன்மேல் ஏறி உட்காரும்படி போடுவது ஒரு வழக்கம். மாற்றிப் போட்டால் வண்டி ஓடுகிற வேகத்தில் காற்று இணைப்புக்குள் புகுந்து தார்ப்பாயைத் தூக்கும், பின்னாலேயே மழை நுழையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெல்காம்–கோலாப்பூர் பக்கம் பெய்கிற மழை தெரிந்தவர்கள் இதில் அலட்சியம் காட்டமாட்டார்கள்.

ஏற்றி முடித்ததும், கட்டுமுன், நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவைப்பது நல்லது. பார்ட்டிக்கும் நமக்கும் சேர்த்து அது பாதுகாப்பு. மூட்டை குறைந்தது, நனைந்தது என்று இறக்கும் இடத்தில் பேச்சு வரும்போது, ஏற்றிய இடத்தில் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும்.

ஈ-வே பில் இன்னொரு இடம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இது வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடுகிறார்கள். சேலத்திலிருந்து பிவண்டி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் என்றால் 6 நாள். சாதாரணமாகப் போதும். ஆனால் ஹூப்ளியில் கிளட்ச் பிளேட் போய், உதிரிப் பாகம் வர இரண்டு நாள் ஆனால்? முடிகிற நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் மட்டும்தான் பில்லை நீட்டிக்க முடியும். தாண்டிவிட்டால் சோதனையில் வண்டியும் சரக்கும் நிற்கும்; வரியைப் போல் இரண்டு மடங்கு அபராதம் வரை போகலாம். வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். வண்டி நின்ற அந்த மணி நேரத்திலேயே கம்பெனி கணக்காளருக்குப் போன் போட்டு, “சார், வண்டி பட்டறையில இருக்கு, பில்லு நாளை மறுநாள் ராத்திரி முடியுது, நீட்டிக்கணும்” என்று சொல்லும் ஓனரின் மதிப்பு அந்த ஆபீஸில் ஒரே நாளில் ஏறும். கம்பெனிக்கு அவர் மிச்சப்படுத்திய தொகை, அந்த டிரிப்பின் வாடகையைவிடப் பல மடங்கு இருக்கலாம். இத்தனைக்கும் செலவு ஒரு போன்.

கடைசியாக அக்னாலெட்ஜ்மென்ட். சரக்கு இறங்கியதும் முத்திரை, கையெழுத்தோடு வரும் அந்த எல்.ஆர். (லாரி ரசீது) நகல் ஆபீஸ் போய்ச் சேர்ந்தால்தான் பாக்கி வரும். ஏற்றும்போது அட்வான்ஸாகப் பெரும்பகுதி கொடுத்துவிடுவார்கள், அது டீசலுக்கும் டோலுக்கும் போய்விடும். மிச்சப் பாக்கிதான் டியூ. டிரைவர் அந்தக் காகிதத்தை டாஷ்போர்டில் செருகிக்கொண்டு அடுத்த லோடுக்குப் போய், இரண்டு வாரம் கழித்து ஊர் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்தால் பாக்கியும் இரண்டு வாரம் தள்ளும். இறக்கிய இடத்திலேயே போட்டோ, மறுநாளே கூரியரில் ஒரிஜினல் என்ற பழக்கம் பார்ட்டிக்கும் நல்லது. அவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் பணம் கேட்கவும் அந்தக் காகிதம்தான் வேண்டும்.

நாள் என்கிற நாணயம்

இந்தியாவில் லாரி ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் அளவில்தான் ஓடுகிறது என்று நிபுணர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டதும், பாஸ்டேக் 2021-இல் கட்டாயமானதும் கொஞ்சம் நேரத்தைக் கொடுத்தன. ஆனால் நிற்கிற நேரத்தில் பெரும் பங்கு சாலையில் இல்லை, கேட்டில் இருக்கிறது. ஏற்ற ஒரு நாள், இறக்க இரண்டு நாள், ரிட்டர்ன் லோடுக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் ஒன்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். சேலம்–பிவண்டி போய்வர ஓட்டம் 8 நாள், நிற்பது 4 நாள், மொத்தம் 12 நாள் என்றால் மாதத்துக்கு இரண்டரை டிரிப். டீசல், டோல், படி எல்லாம் போக ஒரு டிரிப்புக்கு 50,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைப்போம். மாதம் 1,25,000. டியூ, இன்ஷூரன்ஸ், டிரைவர் சம்பளம், டயர் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 1,35,000 என்றால் 10,000 நஷ்டம். நிற்கிற நான்கு நாளை இரண்டாகக் குறைத்தால் மாதம் மூன்று டிரிப். மிஞ்சுவது 1,50,000. நஷ்டம் போய் 15,000 லாபம். இதே லாபத்தை வாடகையை உயர்த்தி அடைய வேண்டுமென்றால், ஒவ்வொரு டிரிப்புக்கும் 10,000 ரூபாய் கூடக் கேட்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு எந்த பார்ட்டியும் அப்படித் தூக்கிக் கொடுக்கமாட்டார். ஆனால் அதே பார்ட்டியின் கிளார்க், “அவர் வண்டி காலையில வந்துரும், முதல்ல அதை ஏத்திவிடு” என்று கேட்டில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த வார்த்தையின் விலையைத்தான் மேலே கணக்குப் போட்டோம்.

தகவலுக்கும் வண்டி ஓட்டத்துக்கும் உள்ள இந்த உறவு வேறு இடத்திலும் அளக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க லாரிகளில் வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவிகள் வந்தபின் என்ன நடந்தது என்று ஆராய்ந்த தாமஸ் ஹப்பார்ட், அந்தக் கருவிகளால் அங்கே லாரிகளின் பயன்பாடு சுமார் 3 சதவீதம் கூடியதாக 2003-இல் எழுதினார். லாபமே இரண்டு மூன்று சதவீதத்தில் தொங்குகிற தொழிலில் இது சின்ன எண் இல்லை.

ஹால்டிங் பணம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல பெயர் எடுப்பதும் வாய் மூடி நிற்பதும் ஒன்று என்று நினைத்துக் கேட்டில் மூன்று நாள் நின்றுவிட்டு ஒன்றும் கேட்காமல் வருபவர்கள் இருக்கிறார்கள். அது சேவையில் சேராது. லோடு ஒத்துக்கொள்ளும்போதே, “இறக்க ஒரு நாளுக்கு மேல ஆனா ஹால்டிங் எவ்வளவுங்க?” என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்க வேண்டும். கேட்டுக்குள் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் எல்.ஆர். நகலின் பின்பக்கமாவது செக்யூரிட்டியிடம் எழுதி வாங்க வேண்டும். ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் அப்படித்தான்; யாருடைய சரக்கோ அவரே கூலி கொடுக்கட்டும் என்று லாரி உரிமையாளர் சங்கங்கள் பல வருடமாகக் கேட்டுவருகின்றன, பல பாயிண்ட்களில் இன்னும் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது. சண்டை போட்டு வாங்குவதும் விட்டுக்கொடுப்பதும் தவிர மூன்றாவது வழி, முன்கூட்டிப் பேசி, பின்பு ஆதாரத்தோடு பில் போடுவது. ஒழுங்காகப் பில் போடுகிறவரைக் கம்பெனிகள் வெறுப்பதில்லை. இறக்கும் இடத்தில் வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கத்துகிறவரைத்தான் அடுத்த முறை கூப்பிடுவதில்லை.

எந்தச் சரக்கு சேவைக்கு விலை கொடுக்கும்

சிமெண்ட், ஜல்லி, நிலக்கரி, ஆலைக்குப் போகும் மக்காச்சோளம் ஆகியவற்றில் சேவையால் வாடகை கூடும் என்று எதிர்பார்ப்பது வீண். ஒரு நாள் பிந்தினால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. டன்னுக்கு இவ்வளவு, வந்தவன் ஏற்றிக்கொண்டு போகலாம். எண்ணெய் நிறுவனங்களின் எல்.பி.ஜி. டேங்கர் ஓட்டத்தில் நாமக்கல்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே வாடகை டெண்டரில் முடிவாகிவிடும். விதிகளை மீறாமல் இருப்பதுதான் அங்கே சேவை; மீறினால் வண்டி வெளியே, மீறாவிட்டால் கூடுதல் எதுவும் இல்லை.

தாமதமானாலோ சேதமானாலோ சரக்குக்காரருக்கு வலிக்கிற இடத்தில்தான் நிலைமை மாறும். நாமக்கல் முட்டை கேரளாவுக்குத் தினமும் போகிறது. பள்ளம் பார்த்து ஓட்டாத டிரைவர் உடைத்துக்கொண்டு போவது பண்ணைக்காரரின் பணம். திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கோ சென்னைக்கோ போகும் ஏற்றுமதிக் கண்டெய்னருக்குத் துறைமுகத்தில் உள்ளே சேர வேண்டிய கெடு உண்டு. அதைத் தவறவிட்டால் கப்பல் போய்விடும். பையர் கோபித்துக்கொண்டால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், லாபம் அங்கேயே முடிந்தது. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகம் கொண்டுபோகிற வண்டி பிந்தினால் உற்பத்தி வரிசை நிற்கும். கண்ணாடி, மருந்து, இயந்திரம், தறிக்குப் போகும் நூல் எல்லாம் இந்த ரகம். இவற்றில் சரக்கின் மதிப்போடு ஒப்பிட்டால் வாடகை சின்னத் தொகை. ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்துத் தெரிந்த வண்டியை வைத்துக்கொள்ள அனுப்புகிறவருக்கு மனம் வரும்.

இந்த வேலைகள் பெரும்பாலும் பெரிய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிகள் கையில் இருக்கின்றன. அவர்கள் ஒற்றை வண்டிக்காரர்களை அட்டாச் முறையில் எடுத்துக்கொள்வார்கள். கிலோமீட்டருக்கு வரும் தொகை ஸ்டாண்ட் வாடகையைவிடக் குறைவாகக்கூட இருக்கும். ஆனால் மாதம் இவ்வளவு ஓட்டம் என்பது நிச்சயம். முதல் இரண்டு வருடம் டியூ கட்ட இது மோசமான ஏற்பாடு இல்லை. சீசனில் ஸ்டாண்ட் வாடகை ஏறும்போது வயிறு எரியும் என்பது வேறு விஷயம். அந்த எரிச்சலில் வண்டியை விலக்கிக்கொண்டு, சீசன் முடிந்ததும் திரும்பிப் போய் நிற்பவர்களுக்கு அங்கே இடம் இருக்காது.

நேரடி பார்ட்டி என்ற கனவு

புரோக்கரைத் தாண்டி நேரடியாகக் கம்பெனியிடம் போய்விட்டால் கமிஷன் மிச்சம் என்பது எல்லோருடைய கனவு. கமிஷன் எதற்காக என்று யோசித்தால் கனவு கொஞ்சம் தெளியும். புரோக்கர் அட்வான்ஸை உடனே கொடுக்கிறார். கம்பெனி பில்லை முப்பது, அறுபது நாள் கழித்துத்தான் தீர்க்கும். அதுவரை டீசல் போடப் பணம் வேண்டும். சட்டத்திலும் ஒரு படி இருக்கிறது. 1865-ஆம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007-ஆம் வருட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, பொதுச் சரக்கு ஏற்றுநராகப் பதிவு செய்தவர்தான் சரக்கு ரசீது கொடுத்து அந்தத் தொழில் செய்யலாம். பதிவு வந்தால் பொறுப்பும் வரும். மதிப்பை அறிவிக்காத சரக்கு சேதமானால் இழப்பீட்டுக்கு வாடகையைப் போல் பத்து மடங்கு என்று வரம்பு இருக்கிறது. ஒற்றை லாரிக்காரருக்கு அதுவே பெரிய அடி.

பாக்கி சீக்கிரம் வரச் சட்டம் கொஞ்சம் துணைக்கு வந்திருக்கிறது. லாரித் தொழிலும் சேவைத் தொழில்தான் என்பதால் ‘உதயம்’ தளத்தில் காசில்லாமல் பதிவு செய்து குறுந்தொழில் சான்று வாங்கலாம். 2006-ஆம் வருடச் சட்டப்படி அத்தகையவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். முன்பு இதைக் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வருமான வரிக் கழிவு பெற முடியாது என்று ஆனதும், மார்ச் மாதம் நெருங்கும்போது கணக்கு ஆபீஸ்களில் உதயம் நம்பரைத் தேட ஆரம்பித்தார்கள். பில்லின் மேலேயே அந்த நம்பரை அச்சடித்துக் கொடுப்பது நல்லது. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர் பான் எண்ணோடு உறுதிமொழி கொடுத்தால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்க வேண்டியதில்லை, அந்தக் காகிதத்தையும் முதல் பில்லோடு வைத்துவிட்டால் கணக்காளருக்கு வேலை மிச்சம். இதுவும் சேவைதான். தார்ப்பாய் சரியாகக் கட்டி, பில்லைத் தப்பாகப் போட்டுப் பணம் நிற்கிற ஓனர்கள் நிறைய. ஒரு எச்சரிக்கை: வண்டியைக் கொடுத்தது டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு என்றால் கெடுவும் அந்த ஆபீஸோடுதான், பின்னால் இருக்கும் தொழிற்சாலையைப் பிடிக்க முடியாது.

அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டுகிறவர்களின் நிலையைப் பார்ப்பது இங்கே உதவும். 1980-ஆம் வருடச் சட்டம் அங்கே வாடகைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியபின் அவர்களும் நம்மைப் போலவே திறந்த சந்தையில் நிற்கிறார்கள், அவர்களுக்கும் புரோக்கர் உண்டு. ஆனால் வாடகை எழுத்தில் வருகிறது. ஏற்றவோ இறக்கவோ இரண்டு மணி நேரம் தாண்டினால் காத்திருப்புப் பணம் கேட்பது அங்கே வழக்கம். கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்றில்லை. புரோக்கர் அந்த லோடுக்கு எவ்வளவு வாங்கினார் என்ற பதிவைப் பார்க்கும் உரிமையும் விதியில் இருக்கிறது. அந்த உரிமையைக் கைவிடுவதாக ஒப்பந்தத்திலேயே கையெழுத்து வாங்கிவிடும் புரோக்கர்களும் இருக்கிறார்கள். நம் ஊர்ச் சீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

இங்கே அந்த இருட்டைப் போக்குவோம் என்று செயலிகள் வந்தன. பெங்களூரில் 2015-இல் தொடங்கிய பிளாக்பக், 2024 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. டிரைவரை வழியில் மாற்றி மாற்றி வண்டியை நிற்காமல் ஓட்டும் முறையோடு 2014-இல் வந்த ரிவிகோ, 2022-இல் தன் எக்ஸ்பிரஸ் சரக்குத் தொழிலை மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸிடம் விற்றது. செயலியில் லோடு பார்ப்பது சௌகரியம்தான், வெளியூரில் தெரிந்த புரோக்கர் இல்லாத இடத்தில் ரிட்டர்ன் லோடு பிடிக்க நிச்சயம் உதவும். ஆனால் அங்கேயும் சம்பாதித்த நல்ல பெயர் அந்தச் செயலிக்குள்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு பார்ட்டியிடம் போக முடியாது. டிஸ்பேட்ச் கிளார்க் வேலை மாறி வேறு கம்பெனிக்குப் போனால் நம்மை அங்கேயும் கூப்பிடுவார்.

சேவையின் செலவு யார் தலையில்

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த வண்டி என்று ஓனர் பெருமையாகச் சொல்லும்போது ஸ்டியரிங்கில் இருந்தது யார், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. ஒற்றை லாரிக்காரர்களில் பலர் தாங்களே டிரைவர். கிளீனர் வைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். தனக்குத்தானே ஓவர்டைம் கொடுக்க முடியாதவர் தூக்கத்தைத்தான் கொடுக்கிறார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்பது நல்ல மாற்றம், பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அது எட்டாது. முடியாத நேரத்தை ஒத்துக்கொள்ளாமல், “நாளைக்குக் காலையில வராதுங்க, மத்தியானம் மூணு மணிக்கு நிச்சயம்” என்று சொல்லி மூன்று மணிக்கு நிறுத்துவதுதான் நீடிக்கிற சேவை. வாக்கைச் சின்னதாகக் கொடுத்துக் காப்பாற்றுகிறவரிடம் பார்ட்டிகள் பழகிக்கொள்கிறார்கள்.

ஒற்றை வண்டியோடு செய்யும் சேவைக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கும், என்ஜின் வேலைக்கு நிற்கும், டிரைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நிற்கும். பார்ட்டிக்கு அன்றைக்கும் சரக்கு போகணும். இதற்குச் சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் இருக்கும் வழி, பங்காளி, மாமன் மச்சான், பழைய டிரைவர் நண்பர் என்று நாலைந்து ஒற்றை வண்டிக்காரர்கள் சேர்ந்துகொள்வது. “இன்னைக்கு என் வண்டி இல்லீங்க, தம்பி வண்டி வருது, ஆள் நான் பொறுப்பு” என்று சொல்லி அனுப்புவார்கள். பார்ட்டிக்கு ஒரே போன் நம்பர், ஒரே ஆள். அப்போதுதான் வாடகையைப் பற்றிப் பேச முதல்முறையாக அவருக்கு வாய் வருகிறது, ஏனென்றால் அவர் போய்விட்டால் பார்ட்டி இழப்பது ஒரு வண்டியை இல்லை. சீசன் இல்லாத மாதத்தில் வண்டியைக் கொடுத்து, சீசனில் பத்துப் பைசா கூட்டிக் கேட்டால் அங்கே தலையாட்டுகிறார்கள்.

நாளடைவில் அந்த ஐந்து வண்டிக்கும் லோடு பிடிப்பது, பில் போடுவது, அக்னாலெட்ஜ்மென்ட் அனுப்புவது எல்லாம் அந்த ஒருவர் தலையில் விழுகிறது. டீசலுக்கு அட்வான்ஸும் அவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி ஓட்ட நேரம் போதாமல் ஸ்டியரிங்கை வேறு டிரைவரிடம் கொடுக்கிறார். இரண்டாவது லாரிக்குச் சேர்த்த பணத்தில் பைபாஸ் ஓரம் ஒரு கடை பிடித்து, மேஜையும் இரண்டு போனும் வைக்கிறார். தம்பி வண்டிக்கு லோடு போட்டால் வாடகையில் ஒரு பங்கு கமிஷன் கழித்துக்கொள்கிறார். தொழிற்சாலை எவ்வளவு கொடுத்தது என்று தம்பி கேட்பதில்லை, கேட்டாலும் அண்ணன் சொல்வதில்லை.